பேசுறதுக்கு ஒரு டிகிரியா?

வாசகர் கேள்விகள், அக்கா பதில்கள்

ஏப்ரல் வந்துட்டா எனக்கு வர்ற மெயில் பூரா காலேஜ் கேள்விதான், மே 1க்குள்ள டெபாசிட் கட்டணும்ல, வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து ஓடிட்டிருக்கும். இந்தத் தடவை என்ன ஆச்சரியம்னா கம்ப்யூட்டர் சயின்ஸை விட கம்யூனிகேஷன், மீடியா பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதுவும் பெரிய யூனிவர்சிட்டி இல்ல, நியூயார்க் ஸ்டேட்ல ஜெனசியோ மாதிரி சின்ன ஊர்ல இருக்குற சுனி (ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க்) காலேஜ் பத்தி. நானும் அந்த மாதிரி ஒரு சின்ன கவர்மென்ட் காலேஜ்லதான் கம்யூனிகேஷன் படிச்சேன். எந்த காலேஜ்னு சொல்ல மாட்டேன், ஏன்னா கீழ அதைக் கொஞ்சம் திட்டவும் போறேன்.

கேள்வி: அக்கா, நாங்க நியூயார்க் குவீன்ஸ்ல இருக்கோம். பொண்ணுக்கு சுனி ஜெனசியோல கம்யூனிகேஷன் கிடைச்சிருக்கு. அவ அப்பா "பேசுறதுக்கு ஒரு டிகிரியா, நம்ம வீட்டுல எல்லாரும் டிகிரி வாங்காமத்தான பேசிட்டிருக்கோம்"னு கிண்டல் பண்றார். லிபரல் ஆர்ட்ஸ்னா டான்ஸ், டிராயிங் மாதிரியா? பப்ளிக் காலேஜ்னா தரம் கம்மியா இருக்குமா? – ஒரு அம்மா, குவீன்ஸ்

பதில்: அம்மா, அவர் கேட்டது ஒண்ணும் புதுக் கேள்வி இல்ல, கோச்சுக்காதீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்கால பேச்சுக்கலை சொல்லிக் குடுத்த வாத்தியாருங்க எல்லாம் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டுக்குள்ள ஒண்டுக்குடித்தனம் மாதிரி ஒரு மூலைலதான் இருந்தாங்க. 1914ல 17 பேர் சேர்ந்து போதும்டா சாமின்னு தனியா ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுதான் பேர் மாறி மாறி இன்னைக்கு நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷனா நிக்குது. ஜர்னலிசம் வந்த வழி வேற, 1908ல மிசௌரி யூனிவர்சிட்டில ஜர்னலிசம் ஸ்கூல் திறந்தப்ப அவங்க நிஜ பேப்பரையே நடத்திதான் பாடம் எடுத்தாங்க, அது ஒரு பட்டறை. சின்ன காலேஜ்ல இருக்குற கம்யூனிகேஷன் டிபார்ட்மென்ட்ல இந்த ரெண்டு ரத்தமும் ஓடும். காலைல ஒரு கிளாஸ்ல ரெண்டு பேர் சண்டை போடும்போது யாரு எந்த வார்த்தைல விட்டுக் குடுக்கிறாங்கன்னு பார்ப்பா, மத்தியானம் ஆடியோ எடிட் பண்ணுவா, ராத்திரி ஸ்டாட்ஸ் ஹோம்வொர்க்கை வச்சுக்கிட்டு அழுவா. அழட்டும், பரவால்ல.

லிபரல் ஆர்ட்ஸ்னா டான்ஸ் இல்லம்மா. டிகிரிக்கு மொத்தம் 120 கிரெடிட்னு வச்சுக்கோங்க, மேஜர், அதாவது முக்கியப் பாடம், அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான், மீதிக்கு ஹிஸ்டரி, சயின்ஸ், கணக்கு, வேற மொழின்னு சுத்திட்டு வரணும். நிறைய பேர் இதை டைம் வேஸ்ட்னு சொல்லுவாங்க, நான் அப்படி நினைக்கல. ஜெனசியோ பக்கத்துலயே ஒரு உதாரணம் சொல்றேன், அங்கேருந்து சில மைல்ல ரெட்சாஃப்னு ஒரு உப்புச் சுரங்கம், 1994 மார்ச்ல ஒரு நாள் விடியக்காலைல கூரை இடிஞ்சு நிலத்தடித் தண்ணி உள்ள கொட்ட ஆரம்பிச்சுது, மேல வயல்ல பெரிய பெரிய பள்ளம் விழுந்துச்சு, சுத்துப்பட்டு வீடுங்கள்ல கிணறு வத்திப் போச்சு, கடைசில சுரங்கமே முழுகிடுச்சு. இப்ப நீங்க அந்த ஊர் ரிப்போர்ட்டர்னு வச்சுக்கோங்க. கேமராவை எப்படிப் பிடிக்கணும்னு தெரிஞ்சா போதுமா? உப்புக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்குற பாறை என்ன பண்ணுதுன்னு ஜியாலஜி வாத்தியார் சொன்னது கொஞ்சமாவது மண்டைல இருந்தாத்தான் கம்பெனிக்காரன் கிட்டயும் கவர்மென்ட்காரன் கிட்டயும் உருப்படியா ஒரு கேள்வி கேக்க முடியும். (அந்த ஏரியாக்காரங்களுக்கு பேரைத் திருப்பிப் போடுறதுல என்னமோ ஒரு ஆசை. ஃபாஸ்டர்ங்கிற பேரோட இங்கிலீஷ் எழுத்தைத் திருப்பினா ரெட்சாஃப். ஜெனசியோ ஸ்டூடன்ட்ஸ் நடத்துற பேப்பர் பேரு லாம்ரான், அது நார்மலைத் திருப்பிப் போட்டது, ஏன்னா 1871ல அந்த காலேஜ் ஆரம்பிச்சதே வாத்தியார் பயிற்சி குடுக்குற நார்மல் ஸ்கூலாத்தான். நம்ம மெட்ராஸ் பக்கமும் அந்தக் காலத்துல அதுக்கு அதே பேர்தான்.)

பப்ளிக் விஷயம். நம்ம ஊர்ல பப்ளிக் ஸ்கூல்னு போர்டு மாட்டியிருந்தா அது பிரைவேட், இங்க பப்ளிக்னா நிஜமாவே ஸ்டேட் கவர்மென்ட். தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சின்னதா, லிபரல் ஆர்ட்ஸா, ஆனா கவர்மென்ட் காசுல நடக்குற காலேஜ்கள் எல்லாம் சேர்ந்து 1987ல காப்லாக்னு ஒரு கூட்டமைப்பே வச்சிருக்காங்க, நார்த் கரோலினா ஆஷ்வில்ல தலைமை ஆபீஸ், சுமார் 30 காலேஜ். பணக்காரப் பிள்ளைங்க பிரைவேட் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல வாங்குற அந்தச் சின்ன கிளாஸ் அனுபவத்தை கவர்மென்ட் ரேட்ல குடுக்கணும்ங்கிறதுதான் ஐடியா. நீங்க நியூயார்க்காரங்க, சுனில 2024-25ல உள்ளூர் ஆளுக்கு டியூஷன் வருஷத்துக்கு 7,070 டாலரா இருந்துச்சு. ஆனா அதைப் பார்த்துட்டு துள்ளிக் குதிக்காதீங்க, ஹாஸ்டலும் சாப்பாடும் டியூஷனைத் தாண்டிப் போயிடும், பில்லைக் கையில வச்சுக்கிட்டு கணக்குப் போடுங்க. குடும்ப வருமானம் 1,25,000 டாலருக்குள்ள இருந்தா எக்செல்சியர் ஸ்காலர்ஷிப் இருக்கு, அதுல ரெண்டு கொக்கி. வருஷத்துக்கு 30 கிரெடிட் முடிக்கணும், அப்புறம் எத்தனை வருஷம் வாங்கினாளோ அத்தனை வருஷம் படிச்சு முடிச்சப்புறம் நியூயார்க் ஸ்டேட்லயே இருக்கணும், இல்லாட்டி அது கடனா மாறிடும். கலிஃபோர்னியா கனவு இருந்தா முன்னாடியே யோசிச்சுக்கச் சொல்லுங்க.

இதெல்லாம் ஓகே, நான் ஏன் சின்ன காலேஜ் பக்கம் சாயறேன்னு ஒரே ஒரு பேப்பரை வச்சுச் சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல நான் எழுதிக் குடுத்த முதல் நியூஸ், ரெண்டு பக்கம், திரும்பி வந்தப்ப பச்சை மைல ஓரம் பூரா கிறுக்கல். "பலர் கருதுகிறார்கள்"ங்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருந்தேன், பக்கத்துல "யாரு? ரெண்டு பேர் பேர் சொல்லு". அடுத்த பாராவுல "சமீபத்தில்"னு இருந்துச்சு, அதுக்கு "தேதி?". அவ்வளவுதான், திட்டு இல்ல, அட்வைஸ் இல்ல. எழுதினது அசிஸ்டன்ட் இல்ல, அந்த புரொஃபசரே, கிளாஸ்ல 18 பேர், வாரா வாரம் 18 பேருக்கும் இதே மாதிரி. முந்நூறு பேர் உக்கார்ற ஹால்ல இதை யாரு பண்ணுவா?

இப்ப திட்டு. சின்ன டிபார்ட்மென்ட்னா ஒரு வாத்தியார் லீவுல போனா ஒரு கோர்ஸே காணாமப் போயிடும். எனக்கு அட்வான்ஸ்டு எடிட்டிங் கிளாஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான், என் டேர்ன் வந்தப்ப கேன்சல், மாத்து கோர்ஸுக்கு மனு மேல மனு போட்டு கடைசி செமஸ்டர்ல தான் கையெழுத்து வாங்கினேன். இப்ப பல ஸ்டேட்ல ஸ்டூடன்ட் எண்ணிக்கை குறைஞ்சு பட்ஜெட்டை வெட்டிட்டிருக்காங்க, அதனால அட்மிட்டட் ஸ்டூடன்ட்ஸ் டேக்கு (சீட் கிடைச்சவங்களைக் கூப்பிட்டு காலேஜைச் சுத்திக் காட்டுற நாள்) போறப்ப பளபளன்னு இருக்குற ஸ்டூடியோவைப் பார்த்து மயங்காம, இந்த ஸ்டூடியோ சாவி யாரு கிட்ட இருக்கு, ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைக்கு எப்ப குடுப்பீங்கன்னு கேளுங்க. அப்புறம், கேட்டலாக்ல போட்டிருக்குற கோர்ஸ்ல எது எது போன ரெண்டு வருஷத்துல நிஜமா நடந்துச்சுன்னு கேளுங்க. பதில் சொல்றவங்க முழியைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.

கேள்வி: மேடம், நான் கோயம்புத்தூர், பிளஸ் டூ முடிக்கிறேன். விஸ்காம் இங்க படிக்கிறதுக்குப் பதிலா அமெரிக்கால இந்த மாதிரி சின்ன காலேஜ்ல மீடியா படிக்கலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றார், செலவு கம்மின்னு. லோன் போட்டுப் போகலாமா?

பதில்: தம்பி, மேல குவீன்ஸ் அம்மாவுக்குச் சொன்ன 7,070 உனக்கு இல்ல. அது அந்த ஸ்டேட்காரங்களுக்கு. வெளிநாட்டு ஸ்டூடன்ட்டுக்கு வெளி ஸ்டேட் ரேட், அது ரெண்டு மடங்குக்கும் மேல, ஃபெடரல் உதவித்தொகை ஒரு பைசா கிடையாது. எஃப்-1ங்கிற ஸ்டூடன்ட் விசால கிளாஸ் நடக்குற சமயம் கேம்பஸ்லயே வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், அந்தச் சம்பளம் போன் பில்லுக்கும் மளிகைக்கும் சரியாப் போயிடும், லோனுக்கு வராது.

முக்கியமான விஷயம் படிப்பு முடிஞ்சப்புறம்தான். ஓ.பி.டி.ன்னு 12 மாசம் வேலை பார்க்க விடுவாங்க. ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) படிப்புக்கு அதுக்கு மேல 24 மாசம் கூடுதல். கம்யூனிகேஷன், ஜர்னலிசம் பெரும்பாலும் ஸ்டெம் லிஸ்ட்ல வராது. விசாவுக்காக காலேஜ் குடுக்குற ஐ-20 பேப்பர்ல உன் மேஜருக்கு நேரா ஒரு கோட் நம்பர் இருக்கும், அந்த நம்பர் ஸ்டெம் லிஸ்ட்ல இருக்கான்னு பாரு, ஏஜென்ட் வாய்ல வர்றதை நம்பாத. இன்னொண்ணு, நம்ம துறைல ஆரம்பத்துல எல்லாரும் ஃப்ரீலான்ஸ் பண்ணித்தான் கையைத் தேய்ப்பாங்க, உள்ளூர் பேப்பர்ல ஒரு போட்டோவுக்கு அம்பது டாலர் தர்றேன்பான், எஃப்-1ல இருக்குற நீ பர்மிஷன் இல்லாம அதை வாங்கவே கூடாது. யூட்யூப் காசும் அப்படித்தான், இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேக்காம மானிட்டைசேஷன் பட்டனைத் தொடாத.

முழு ஸ்காலர்ஷிப் வந்தா கண்ணை மூடிட்டுப் போ. இல்லாட்டி ஊர்லயே டிகிரி முடி, தமிழ்ல நல்லா எழுதக் கத்துக்கோ, சென்னைல ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துல டிகிரி முடிச்சவங்களுக்கு ஒரு வருஷ டிப்ளமா இருக்கு, அது மாதிரி எதையாவது பார்த்துட்டு மாஸ்டர்ஸுக்கு வேணா ஃபண்டிங்கோட வா. லோன் போட்டு வேணாம்.

கேள்வி: அக்கா, செகண்ட் இயர் படிக்கிறேன், கேமராவைத் தொட விடுறாங்கதான் ஆனா பாதி கிளாஸ் தியரி. அஜெண்டா செட்டிங், அது இதுன்னு சாவடிக்கிறாங்க. இதெல்லாம் எதுக்கு?

பதில்: எனக்கும் இதே எரிச்சல் இருந்துச்சு தங்கச்சி, அதனால சமாளிக்காம சொல்றேன், பாதி தியரி பரீட்சையோட போயிடும். ஆனா அஜெண்டா செட்டிங்கை விட்டுடாத, மீடியா எதுக்கு நிறைய இடம் குடுக்குதோ அதுவே மக்களுக்கும் பெரிய பிரச்சனையாத் தெரியும்ங்கிறதுதான் அது. அது எப்படி வந்துச்சுன்னு சொன்னாங்களா இல்ல டெஃபனிஷன் மட்டும் எழுதிப் போட்டாங்களா? 1968 எலெக்ஷன் அப்போ நார்த் கரோலினா சேப்பல் ஹில்ல மெக்கோம்ப்ஸ், ஷான்னு ரெண்டு புரொஃபசர்ங்க, யாருக்கு ஓட்டுன்னு இன்னும் முடிவு பண்ணாத 100 பேரைப் பிடிச்சு நாட்டுல எது பெரிய பிரச்சனைன்னு கேட்டாங்க. இன்னொரு பக்கம் அந்த ஊர்ல வர்ற பேப்பர், டிவி எல்லாத்துலயும் எதுக்கு எவ்வளவு இடம் குடுத்திருக்காங்கன்னு எண்ணினாங்க. ரெண்டு லிஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துச்சு. 1972ல கட்டுரையா வந்துச்சு. நூறே பேரு, ஒரே ஊரு. இதுக்குப் பெரிய லேப் வேணாம், உன் காலேஜ்ல ஒரு வாரத்துல பண்ணலாம்.

நாங்க பண்ணினோம். உள்ளூர் வாரப் பேப்பர் நாலு இதழை எடுத்து ஸ்கேல் வச்சு அளந்தேன், நிஜமா ஸ்கேல்தான், ஒவ்வொரு செய்தியும் எத்தனை இன்ச்னு. ஸ்கூல் பட்ஜெட்தான் முதல். அப்புறம் டைனிங் ஹால் வாசல்ல நின்னு ஸ்டூடன்ட்ஸை கேட்டா பார்க்கிங், பார்க்கிங், பார்க்கிங். மெயின் ஸ்ட்ரீட்ல முடிவெட்டுற கடைல கேட்டா தண்ணி பில். மூணு பேரும் ஒரே ஊர்லதான் இருக்கோம், ஆனா மூணு ஊர்ல இருக்கோம்னு அன்னைக்குத்தான் உறைச்சுது, அந்தப் பேப்பரை ஸ்டூடன்ட்ஸ் யாருமே படிக்கலைங்கிறதுதான் நிஜமான ரிசல்ட். ஜெனசியோல வருஷா வருஷம் ஏப்ரல்ல கிரேட் டேன்னு ஒரு நாள் கிளாஸை எல்லாம் நிறுத்திட்டு ஸ்டூடன்ட்ஸ் பண்ணின ஆராய்ச்சியை மேடை போட்டுக் காட்டச் சொல்லுவாங்க, உங்க காலேஜ்லயும் அது மாதிரி ஏதாவது இருக்கும். போய் நில்லு. ஆனா வெளில காட்டுற மாதிரி சர்வே எடுக்கிறதா இருந்தா முன்னாடியே ஐ.ஆர்.பி. (ஆளுங்களை வச்சுப் பண்ற ஆராய்ச்சியைச் சரிபார்க்குற கமிட்டி) அனுமதி வேணுமான்னு வாத்தியார்கிட்ட கேட்டுக்கோ, கடைசி நிமிஷத்துல மாட்டிக்காத.

கேள்வி: காலேஜ் ரேடியோல சேரணும்னு ஆசை. ஆனா என் இங்கிலீஷ்ல தமிழ் வாடை அடிக்கும், சிரிப்பாங்களோன்னு பயமா இருக்கு. ரேடியோவை இப்ப யாரு கேக்குறாங்க, அதுவும் தெரியல.

பதில்: கேக்குறவங்க கம்மிதான்மா. அதுதான் உனக்கு வசதி. ராத்திரி ரெண்டு மணிக்கு நீ உளறினா பால் லாரி ஓட்டுறவர் ஒருத்தரும் பேக்கரிக்காரர் ஒருத்தரும் கேப்பாங்க, அவங்க சிரிக்க மாட்டாங்க, தூக்கம் வராம இருந்தாப் போதும்னு இருப்பாங்க.

இங்க எஃப்.எம்.ல 88லருந்து 92 வரைக்கும் உள்ள இடம் வியாபாரம் இல்லாத ஸ்டேஷன்களுக்குன்னு ஒதுக்கினது, காலேஜ் ரேடியோ எல்லாம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும், ஜெனசியோ ஸ்டேஷன் டபிள்யூ.ஜி.எஸ்.யூ. 89.3. விளம்பரம் போடக்கூடாது. உள்ளூர் பீட்சா கடை காசு குடுத்தா "இவங்க ஆதரவுல"ன்னு சொல்லலாம், "சூப்பர் பீட்சா, சீக்கிரம் வாங்க"ன்னு சொல்லக் கூடாது. இந்த வித்தியாசத்தை எழுதிப் பழகினாலே பாதி காப்பிரைட்டிங் வந்துடும், எது தகவல் எது தூண்டில்னு கை தானா பிரிக்கும்.

முதல் நாள் நீ பயப்படப் போறது உச்சரிப்புக்கு இல்ல, கடிகாரத்துக்கு. மணிக்கு ஒரு தடவை, முழு மணியை ஒட்டி ஸ்டேஷன் எழுத்தையும் லைசென்ஸ் குடுத்த ஊர் பேரையும் சொல்லியாகணும், சட்டம். எழுத்தைச் சொன்ன உடனே ஊர் பேரு, நடுவுல உன் அலங்கார வசனம் எதையும் சொருகக் கூடாது. எனக்கு முதல் ஷோல 58வது நிமிஷம் போட்ட பாட்டு ஏழு நிமிஷம் ஓடுற பாட்டு, பாதிலயே மைக்கைத் திறந்து கத்தினேன், பதட்டத்துல ஊர் பேருக்குப் பதிலா திருச்சின்னு வந்துடுச்சு. ஆமா, அமெரிக்க ஏர்வேவ்ல திருச்சி. உடனே திருத்திச் சொன்னேன், லாக் புக்ல நேரத்தை எழுதினேன், காலைல ஸ்டேஷன் மேனேஜர் பையன் "ட்ரிச்சி எங்க இருக்கு?"ன்னுதான் கேட்டான். என் உச்சரிப்பு பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல.

உன் பேரை மட்டும் சுருக்கிக்காத. மூணு தடவை நிதானமா சொன்னா அவங்களுக்கும் வந்துடும்.

கேள்வி: பேர் போடாதீங்க அக்கா. நியூயார்க்ல ஒரு ஸ்டேட் காலேஜ்ல ஸ்டூடன்ட் பேப்பர்ல இருக்கேன். ஹாஸ்டல் ரிப்பேர் பத்தி எழுதின ஸ்டோரியை வெப்சைட்லருந்து எடுக்கச் சொல்லி ஒரு அதிகாரி போன் பண்ணார். எடுக்கணுமா?

பதில்: எடுக்காத. முதல்ல அந்தப் போன்ல என்ன பேசினாங்க, எத்தனை மணிக்குன்னு எழுதி வை, அப்புறம் "சார், மெயில்ல அனுப்புங்க"ன்னு சொல்லு. பாதிப் பேர் அதோட நிறுத்திடுவாங்க.

இங்கதான் பப்ளிக் காலேஜ்ங்கிறது ஃபீஸ் விஷயம் மட்டும் இல்லன்னு புரியணும். ஸ்டேட் காலேஜ்னா அது கவர்மென்ட், கவர்மென்ட்டைக் கட்டிப் போடத்தான் பேச்சுரிமை, பத்திரிகை உரிமையைக் காப்பாத்துற ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட். பிரைவேட் காலேஜை அது கட்டுப்படுத்தாது, பல லட்சம் ஃபீஸ் வாங்குற பிரைவேட் காலேஜ்ல உன்னை விட பேச்சுரிமை கம்மியா இருக்கலாம், நான் இந்த விஷயத்தை டிகிரி முடிக்கிறப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். மிசௌரி யூனிவர்சிட்டில ஒரு பொண்ணை, ஆபாசமான கார்ட்டூன் இருந்த பேப்பரை கேம்பஸ்ல வித்ததுக்கு டிஸ்மிஸ் பண்ணாங்க, 1973ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னுடுச்சு. உன் ஸ்டேட் கதையே ஒண்ணு இருக்கு, 1997ல ஸ்டேட்டன் ஐலண்ட் காலேஜ்ல ஸ்டூடன்ட் பேப்பர், ஸ்டூடன்ட் எலெக்ஷன்ல ஒரு அணிக்கு ஆதரவா ஸ்பெஷல் இதழ் போட்டுச்சு, காலேஜ் பிரசிடென்ட் அந்த எலெக்ஷனையே ரத்து பண்ணிட்டாங்க, கேஸ் பத்து வருஷம் இழுத்து 2007ல அப்பீல் கோர்ட் பேப்பரோட உரிமையை மீறினது தப்புன்னு சொல்லிச்சு. எல்லா இடத்துலயும் இப்படி இல்ல. 2005ல இல்லினாய்ஸ் பக்கத்து அப்பீல் கோர்ட், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் பார்க்கணும்னு தடுத்த ஒரு டீனுக்குச் சாதகமா தீர்ப்பு குடுத்துச்சு, அப்புறம் அந்த ஸ்டேட்டே 2007ல சட்டம் போட்டு ஸ்டூடன்ட் பேப்பரைக் காப்பாத்த வேண்டியதாச்சு.

நான் வக்கீல் இல்ல. ஸ்டூடன்ட் பிரஸ் லா சென்டர்னு 1974லருந்து இருக்கு, காசு வாங்காம சட்ட ஆலோசனை சொல்லுவாங்க, இன்னைக்கே கூப்பிடு. அப்புறம் ஸ்டூடன்ட் கவர்மென்ட்ல (மாணவர் பேரவை) உங்க பேப்பரோட பட்ஜெட் எப்ப வருதுன்னு ஒரு கண்ணு வை, நேராத் தடுக்க முடியாதவங்க காசு வழியா வருவாங்க.

ஆனா ஒண்ணு, அதுக்கு முன்னாடி உன் ஸ்டோரியை நீயே ஒரு தடவை எதிராளி கண்ணால படி. நான் ஒரு தடவை வில்லேஜ் போர்டு மீட்டிங்ல உக்காந்து தண்ணி ரேட் ஏத்தினதை எழுதினேன், ஆயிரம் கேலனுக்குன்னு அவங்க சொன்னதை நான் ஒரு கேலனுக்குன்னு போட்டுட்டேன். மறுநாள் கிளார்க் அம்மா போன் பண்ணி ரொம்ப மரியாதையா "உங்க கணக்குப்படி எங்க ஊர்ல தினம் குளிக்கிறவன்லாம் கோடீஸ்வரன்"னாங்க. ஸ்டோரியை எடுக்கல, திருத்தம் போட்டோம், மேலயே, கொட்டை எழுத்துல. அந்தம்மா அதுக்கப்புறம் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முன்னாடி அஜெண்டா பேப்பரை எனக்குத் தனியா ஒரு காப்பி எடுத்து வச்சாங்க.

கேள்வி: வேலை கிடைக்குமா, கிடைக்காதா? அதை மட்டும் சொல்லுங்க. – ஒரு அப்பா, நியூ ஜெர்சி

பதில்: கிடைக்கும் சார், கம்ப்யூட்டர்காரங்க சம்பளத்துல இல்ல. 2005லருந்து இந்த நாட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல பேப்பர் மூடியாச்சு, அதனால "ரிப்போர்ட்டர் ஆவேன்"னு மட்டும் சொல்லிட்டிருந்தா கஷ்டம்தான். கூட படிச்சவங்கள்ல நிறைய பேர் ஆஸ்பத்திரி கம்யூனிகேஷன் ஆபீஸ், யூனிவர்சிட்டி ஆபீஸ், என்.ஜி.ஓ., பி.ஆர்.னு போனாங்க, ஒருத்தி கவர்மென்ட் ஏஜென்சில வெள்ளம் வந்தா ஊருக்கு என்ன மெசேஜ் அனுப்பணும்னு எழுதுறா, எங்க பேட்ச்லயே அவ வேலைதான் உருப்படின்னு எனக்குத் தோணும். சின்ன ஊர் காலேஜுக்கு ஒரு நிஜமான குறை இருக்கு, இன்டர்ன்ஷிப். ஜெனசியோலருந்து நியூயார்க் சிட்டி அஞ்சு மணி நேரத்துக்கு மேல கார்ல, செமஸ்டர் நடுவுல போய் வர முடியாது, சம்மரைத்தான் நம்பணும், சம்மர்ல சிட்டில தங்க காசு வேணும். அந்தக் காசை இப்பவே எடுத்து வைங்க.

அட்மிஷன் ஆபீஸ்ல பெரிய பேரா எடுத்து விடுவாங்க. ஜெனசியோன்னா டிவி சீரியல் உருவாக்கின கிளென் கார்டன் கரோன், வாஷிங்டன் ஸ்டேட்ல எவர்கிரீன் காலேஜ்னா ஸ்டூடன்ட் பேப்பர் எடிட்டரா இருந்து பின்னாடி சிம்ப்சன்ஸ் பண்ணின மாட் க்ரோனிங். உண்மைதான், ஆனா அவங்களை வச்சு உங்க பொண்ணு சம்பளத்தைக் கணக்குப் போட முடியாது. போன வருஷம் முடிச்ச பிள்ளைங்க பத்துப் பேர் இப்ப எங்க இருக்காங்கன்னு கேளுங்க, சின்ன டிபார்ட்மென்ட்னா வாத்தியாருக்கு மனப்பாடமாவே தெரியும், தெரியலன்னா அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

கேள்வி: பேத்தி ஜெனசியோ போறா. சைவச் சாப்பாடு, கோயில், குளிர், இதெல்லாம் எப்படிம்மா? – ஒரு தாத்தா

பதில்: தாத்தா, ஊர் அழகான ஊரு, செனகா மக்கள் பாஷைல அந்தப் பேருக்கே அழகான பள்ளத்தாக்குன்னுதான் அர்த்தம், மெயின் ஸ்ட்ரீட் நடுவுல கரடி பொம்மை வச்ச ஒரு பழைய நீரூற்று இருக்கும், எல்லாரும் அதுகிட்டதான் போட்டோ எடுப்பாங்க. தயிர், பருப்பு, காய்கறிக்கு ஊர்லயே வெக்மன்ஸ் சூப்பர் மார்க்கெட் இருக்கு. புளி, பெருங்காயம், இட்லி அரிசிக்கு ராச்செஸ்டர் பக்கம் ஹென்ரியெட்டா போகணும், 30 மைலுக்குள்ளதான், கார் வச்சிருக்குற சீனியர் பொண்ணா பார்த்து சிநேகம் பிடிச்சுக்கச் சொல்லுங்க. கோயில் பிட்ஸ்ஃபோர்ட்ல இருக்கு. குளிருக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பாதீங்க, கோச்சுக்காதீங்க தாத்தா, போட மாட்டா. தண்ணி இறங்காத பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் குடுங்க, ஒரு சைஸ் பெருசா, ரெண்டு சாக்ஸ் போடுற மாதிரி.